ஞாயிற்றுக்கிழமை டூட்டி

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தபடியே கிளியம்மாள் உள்ளே படுத்திருந்த புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தோரு வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை லீவு கெடைச்சுதா உனக்கு? இன்னைக்குத்தான் கெடைச்சுது. அதையும் படுத்துகினே கழிக்கிற."

உயிரோடு இருந்தவரைக்கும் வாங்க போங்க என்றுதான் பேசினாள். நேற்றுக் காலையிலிருந்து நீ, வா, போ என்று ஆகிவிட்டது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தபோதே ஒன்றும் சொல்லாத மனுஷன், இப்போதா சொல்லப்போகிறார்.

மணி ஆறரைதான் ஆகியிருந்தது. வாசலில் போட்ட சாமியானா பனியில் நனைந்து தொங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மகள் ஜீவிதா ஓசூரிலிருந்து நேற்று மதியமே வந்துவிட்டாள். அழுது அழுது மூக்கடைத்துப்போய், இப்போது அடுக்களையில் யாரும் கேட்காத காபியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

லாசரஸ் செத்தது நேற்று, சனிக்கிழமை. குளித்து, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காபிக்குக் காத்திருந்தார். காபி வந்தபோது அவர் இல்லை. ஐம்பத்தொன்பது வயது. ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டர் கிளார்க். பேர், வயசு, ஊர், எந்த டாக்டர் என்று கேட்டு முதல் சீட்டு போடுகிற இடம் அது. முதலில் பேனாவால் எழுதினார், பிறகு கம்ப்யூட்டரில் தட்டினார். மற்ற நாட்களில் அங்கே மூன்று பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தர் எப்போதும் லாசரஸ்தான்.

கிளியம்மாளுக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை என்று எதுவும் இருந்ததில்லை. நகை நட்டு கேட்டதில்லை, வேளாங்கண்ணி தாண்டி ஊர் பார்க்கணும் என்றதில்லை. ஒரே ஒரு ஆசை. ஞாயிறு ஆராதனையில் புருஷன் தன் பக்கத்தில் உட்காரணும். அவர்கள் சபையில் இடது வரிசை பூராவும் குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் அவரும் உட்கார்ந்தார். சுருதி சேராமல் பாடுவார், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இவளுக்குப் பெருமையாக இருக்கும். அப்புறம் இந்த வேலை வந்தது. பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸ் விடியற்காலைக்கும் எப்படியோ ஓடிவருவார். ஞாயிறு மட்டும் கிடையாது. அந்தச் சபையில் சாயங்கால ஆராதனையும் கிடையாது. மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக ஒரு இடத்தை முப்பத்தொரு வருஷம் இவள் காலியாகவே வைத்திருந்தாள். கூட்டம் நெருக்கினால் கைப்பையை வைத்துவிடுவாள்.

அந்த ஆசையின் கடைசிச் சொட்டுக்குத்தான் நேற்று சாயங்காலம் ஆபத்து வந்தது. வந்தவன் ஜெர்சன், சபைச் செயலாளர். பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிற முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை. கெட்டவன் இல்லை. மலர்வளையம் வாங்கி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நிஜமாகவே அழுதான். ஆனால் போன வருஷம்தான் அவன் பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். ஏற்றும்போது பழைய விதி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தொடர்ந்து ஒரு வருஷம் ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் முழு அங்கத்தினர் இல்லை, அப்படிப்பட்டவருக்கு அடக்க ஆராதனை ஆலயத்துக்குள் நடத்தக்கூடாது. முந்தைய போதகர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. இவன் தொட்டான். ஜூன் மாதமே லாசரசுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அவர் பதிலே எழுதவில்லை.

"கல்லறைத் தோட்டத்துல இடம் இருக்கு ஆன்ட்டி. போதகர் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணுவாங்க. ஆலயத்துக்குள்ள மட்டும்தான் முடியாது" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது, ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கிளியம்மாள் அவன் மேல் கோபப்படவில்லை. அவளுடைய கோபம் பூராவும் வேறொருத்தர் பேரில் குத்தகைக்குப் போயிருந்தது. அந்த ஆள் பத்ரிநாராயணன், ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. ஒரு கிறிஸ்தவனுக்கு ஒரு ஞாயிறு லீவு கொடுக்க மனசு வராத மகராசன். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் ஒருமுறை அவர் கும்பிட்டபோது இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவர் பேரையே கொடுத்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக, ஒரு வாரம் விடாமல், பன்னிரண்டு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, பத்ரிநாராயணன் என்கிற மகனின் மனசு இளகணும், லாசரசுக்கு ஞாயிறு லீவு கிடைக்கணும் என்று மன்றாடினார்கள். அவர் மனசு இளகவே இல்லை. கிளியம்மாளும் விடவே இல்லை.

ஏழு மணிக்கு சந்திரிகா வந்தாள். லாசரசோடு அதே கவுண்டரில் வேலை பார்க்கிறவள். எட்டு மணி டூட்டிக்குப் போகிற வழியில் புருஷனின் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, அழுகையோடேயே சிரிக்க ஆரம்பித்தாள்.

லாசரஸ் அண்ணன் தினமும் கவுண்டர் கதவைத் திறக்கிறதுக்கு முன்னால் அரை நிமிஷம் கண்ணை மூடி உட்காருவாராம். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள், என்ன இன்னும் திறக்கல என்று கண்ணாடியைத் தட்டுவார்களாம். சாமி கும்பிடுகிறார் என்று சொன்னால் நல்லாவா இருக்கும்? "'சிஸ்டம் ஏறுதுங்க, இருங்க'ன்னு சொல்லிடுவேன்க்கா. பன்னெண்டு வருசமா அதையேதான் சொல்லிகினு இருந்தேன். ஒருநாள் பெரிய டாக்டரே, இந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஏன் தெனம் லேட்டா ஏறுதுன்னு ஆள வுட்டு ரிப்பேர் பாக்கச் சொல்லிட்டாரு" என்றாள்.

ஜீவிதா காபி டம்ளரோடு நின்றபடியே சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினாள்.

சந்திரிகா இன்னும் சொன்னாள். எழுதத் தெரியாதவர்கள் வந்தால் கவுண்டருக்குள்ளிருந்து எழுந்து வெளியே போய், அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரம் எழுதுவாராம். யாரையும் அடுத்தது, அடுத்தது என்று கூப்பிட்டதில்லையாம். பேர் சொல்லித்தான் கூப்பிடுவாராம். ஒருதரம் யாரோ ஒரு ஊழியக்காரர் வந்து, சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கவுண்டரில் வைத்து நோயாளிகளுக்குக் கொடுங்கள் என்றாராம். வயிற்று வலியோடு வருகிறவன் கையில் சீட்டை மட்டும் சீக்கிரம் கொடுப்போம் ஐயா, அதுவே போதும் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். இதெல்லாம் கிளியம்மாளுக்குப் புதுசு. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெங்காயம் உரித்துக் கொடுக்கிற ஆள் அவர். ஆபீசைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

கிளம்பும்போது சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மத்தியானம் நான் இருக்கமாட்டேன்க்கா. மத்தவங்கள்லாம் அடக்கத்துக்கு வரணுமே. இன்னைக்கு ஞாயிறு டூட்டியில என் பேர எழுதிகினேன்."

"நீயா எழுதிகினியா? ஆபீஸ்ல போடமாட்டாங்களா?"

"அவங்க எங்கக்கா போடறாங்க? ரோஸ்டர் சீட்டு கவுண்டர்லதான் மாட்டியிருக்கும். நாங்களேதான் எழுதிக்குவோம்."

வண்டி போய்விட்டது. கிளியம்மாள் பெட்டியின் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தாள். அதில் ஈரம் இல்லை. நாங்களேதான் எழுதிக்குவோம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்றும் இருந்தது.

எட்டரைக்குத் தெரு காலியாகிவிட்டது. உறவு, சபைக்காரர்கள், பக்கத்து வீட்டு அந்தோணி குடும்பம், எல்லாரும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமையாயிற்றே. வீட்டில் அம்மாவும் மகளும் பெட்டி ஓடுகிற சத்தமும்தான். எல்லாரும் கோயிலில் இருக்கிற நேரத்தில் இவர் மட்டும் தனியாக இருக்கிறார், எப்போதும் போல, என்று கிளியம்மாள் நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நன்றாக, சத்தமாக அழுதாள்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் சாமியானா ஓரமாக வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, நெற்றியில் மெல்லிய திருமண் கோட்டோடு ஒரு பெரியவர் இறங்கினார். கையில் ரோஜா மாலை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாலையைப் பெட்டி மேல் வைத்து, கண்ணாடி வழியாக லாசரசின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"என்னை ஞாபகம் இருக்காம்மா? பத்ரிநாராயணன். ஆஸ்பத்திரில அட்மின்ல இருந்தேன். ரிடயர் ஆகி நாலு வருஷம் ஆறது."

கிளியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு வருஷமா? முந்தாநாள் வெள்ளிக்கிழமைகூட இவர் பேரைச் சொல்லி மனசு இளக வேண்டிக்கொண்டார்களே. அவர் ரிடயர் ஆனதைக்கூட இந்த மனுஷன் வீட்டில் சொல்லவில்லையா?

பத்ரிநாராயணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உங்களுக்கு நேரில் ஒரு நன்றி சொல்லணும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒரு நாளில் வந்து சொல்லும்படி ஆகிவிட்டது என்றார். இவள் எதுக்கு என்று கேட்டாள்.

"நீங்க வெள்ளிக்கிழமை தவறாம எனக்காகப் பிரேயர் பண்றேளாமே. லாசரஸ் சொன்னார். எனக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தப்போ, ஸ்ட்ரெச்சர்ல படுத்துண்டு அதைத்தான் நெனச்சிண்டே உள்ளே போனேன். பன்னெண்டு பேர் நமக்காக வேண்டிண்டிருக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு. என் ஆத்துக்காரி லோகநாயகி இன்னமும் விளக்கேத்தறப்போ உங்க பேரையும் சேர்த்துத்தான் சொல்றா."

கிளியம்மாள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அட பாவி மனுஷா. ஜெபம் பண்ணுகிறார்கள் என்று சொன்னாயே, எதுக்கு என்று சொன்னாயா? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சந்திரிகா சொன்னது இன்னும் உள்ளே குடைந்துகொண்டிருந்ததால், வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு ஏன் சார் ஒரு ஞாயிறுகூட நீங்க லீவு குடுக்கல?"

பத்ரிநாராயணன் அவளை விநோதமாகப் பார்த்தார். "நானா குடுக்கலை? மூணு தடவை இவர் பேரை அடிச்சுட்டு வேற பேர் எழுதினேன்மா. மறுநாள் போய்ப் பார்த்தா, நான் அடிச்ச கோட்டுக்கு மேலேயே திரும்பவும் லாசரஸ்னு எழுதியிருக்கும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆரம்பத்தில் கவுண்டரில் ஆறு பேராம். ஆறு பேரும் கிறிஸ்தவர்கள். ஞாயிறு யார் உட்காருவது என்று மாசாமாசம் தகராறு. ஒருநாள் ஜீவரத்தினம் என்று ஒரு பெண்ணும் இன்னொருத்தியும் ரோஸ்டர் பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு சண்டை. ஒருத்திக்குச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தணும், இன்னொருத்திக்குக் குழந்தையின் ஞானஸ்நானம். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். லாசரஸ் எழுந்து போய், பேனாவை மெதுவாக வாங்கி, அந்த மாசத்தின் நாலு ஞாயிற்றிலும் தன் பேரை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாராம். அடுத்த மாசமும் எழுதினார். அப்புறம் அது யாரும் கேட்காத வழக்கமாகிவிட்டது.

"கூப்பிட்டுக் கேட்டேன். ஏன்யா, உனக்கு மட்டும் கோயில் வேண்டாமான்னேன். 'ஒருத்தர் உக்காந்தாத்தான் மத்தவங்க போக முடியும் சார். அடிபட்டு வர்றவனுக்கும் இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானே, அவனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடணுமே. நான் அடுத்த வாரம் போறேன்'னார்." பத்ரிநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அடுத்த வாரம் வரவே இல்லை."

இந்தச் சனிக்கிழமைக்கு முந்தின எத்தனையோ சனிக்கிழமை ராத்திரிகளை கிளியம்மாள் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். நாளைக்கும் டூட்டி போட்டுட்டானா அந்த ஆளு என்று இவள் கேட்பாள். டூட்டி இருக்குது கிளி என்பார். போட்டுட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை இவளேதான் சேர்த்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் விட்டிருப்பாளா? அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போய் மற்ற அஞ்சு பேரையும் வரிசையாக நிறுத்திப் பங்கு பிரித்துவிட்டு வந்திருப்பாள். மனுஷனுக்குப் பெண்டாட்டியைத் தெரிந்திருக்கிறது. ஜூன் மாதக் கடிதத்துக்கும் ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது விளங்கியது. பதில் எழுதினால் சபை ஆஸ்பத்திரிக்கு எழுதும், ஆஸ்பத்திரி ரோஸ்டரைப் பார்க்கும், மற்றவர்களின் ஞாயிறு போய்விடும்.

அப்புறம்தான் அந்தப் பேர் அவளுக்கு உறைத்தது. ஜீவரத்தினம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இவளுக்கு வலது பக்கம் முழங்கால் போடுகிறவள். இருபது வருஷமாக. அதே கவுண்டரில் வேலை பார்த்தவள்தான்; அவளுக்கு மட்டும் ஞாயிறு எப்படிக் கிடைத்தது என்று இவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கிளியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். ஜீவிதா அடுக்களையிலிருந்து பயந்துபோய் ஓடிவந்தாள். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லடி. உங்கப்பாவப் பாத்துகினு இரு. நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்."

புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே கிளம்புகிற பொம்பளையை அவர்கள் ஊரான இரும்புலியூர் இதுவரை பார்த்ததில்லை. ஜீவிதா தடுக்கப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. வண்டி இருக்குதா சார், என்று பத்ரிநாராயணனைக் கேட்டாள். அவர் மறு பேச்சில்லாமல் கார்க் கதவைத் திறந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர்ப் பக்கம் போகும்போது, மனசில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போகக்கூடாது என்று, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெபம் பண்ணினது உண்மை, ஆனால் அவருடைய கல்நெஞ்சைக் கரைக்கச் சொல்லித்தான் பண்ணினோம் என்றாள். பத்ரிநாராயணன் காரை ஓரங்கட்டினார். கோபித்துக்கொண்டு இறக்கிவிடப்போகிறார் என்று பார்த்தால், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் தள்ளினான்.

"அப்போ என் ஆபரேஷன் நன்னா நடந்தது?"

"அது ஆண்டவரு தானா குடுத்தது சார். நாங்க கேக்கல."

"இதை லோகநாயகி கிட்ட சொல்லிடாதேள். நான் சொல்லவும் மாட்டேன்."

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டின தெருவில்தான் ஆலயம். இவர்கள் போய் நின்றபோது ஆசீர்வாதம் முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கிற நேரம். முன்னால் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடத் தொடங்கியிருந்தார்கள். ஜெர்சன் கையில் மடிக்கணினி. மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த இளம் போதகர் அங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. நேற்றுக் கட்டின அதே சேலையோடு, தலை கலைந்து, கிளியம்மாள் நடுவழியாக நடந்து வருவதைப் பார்த்து எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பத்ரிநாராயணன் வாசற்படியிலேயே கைகட்டி நின்றார்.

வழியெல்லாம் அவள் கமிட்டியிடம் பேச வேண்டியதைக் கோர்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பாடகர் குழு வரிசையில் ஜீவரத்தினத்தைப் பார்த்ததும் கோர்த்ததெல்லாம் சிதறிவிட்டது. நேராக அவளிடம் போய் நின்றாள்.

"ஏன்டி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எம் பக்கத்துல முட்டி போட்டுகினு, அந்த நல்ல மனுசன் மேல பழியப் போட்டு நான் வேண்டிக்கினேனே, கூடவே ஆமென் சொன்னியே. உனுக்கு வாய் கூசல?"

ஜீவரத்தினம் வெளுத்துப்போனாள். அறுபதை நெருங்குகிறவள், வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, சபையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அண்ணன் சொல்லக்கூடாதென்று வார்த்தை வாங்கிக்கொண்டார் அக்கா, என்றாள். சொன்னால் நாங்கள் யாரும் நிம்மதியாக இங்கே உட்கார மாட்டோம் என்றாராம். "நான் ஆமென் மட்டும் வாய்க்குள்ளதான் சொன்னேன் அக்கா. சத்தமா சொன்னதே இல்ல" என்று சொல்லிவிட்டு, கிளியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கிளியம்மாளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பதில் வராத ஜெபத்தில் ஒரு ஆமென் குறைந்திருந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது.

ஜீவரத்தினம் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், ஆஸ்பத்திரி கவுண்டரில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள், எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்றாள். முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் கீபோர்டு வாசிக்கிற பெண் நின்றாள். பீடத்துக்குப் பூ வைக்கிறவள் நின்றாள். பாடகர் குழுவில் இரண்டு பேர், காணிக்கைத் தட்டு தூக்குகிற ஒருவர், பின்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பழைய கிளார்க் ஒருவர். இப்படியே பதினாலு பேர். கடைசியாக, தூணோரத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஜெர்சனின் மனைவி நின்றாள். அவள் கவுண்டரில் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

ஜெர்சன் அவளைப் பார்த்தான். அவள் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிளியம்மாள் கமிட்டிப் பக்கம் திரும்பினாள்.

"இவங்கெல்லாம் இங்க வந்து பாடிகினு இருந்தாங்கன்னா, அங்க ஒர்த்தரு குந்திகினு இருந்தாரு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. ஒருநாள், ஒரே ஒரு ஞாயித்துக்கெழம, அவரு எம் பக்கத்துல இருக்கணும்."

போதகர் அங்கியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கமிட்டி கூட வேண்டுமா ஜெர்சன், என்று மெதுவாகக் கேட்டார். ஜெர்சன் மடிக்கணினியைத் திறந்து எதையோ பார்த்தான். பிறகு மூடிவிட்டான். நின்றுகொண்டிருந்த பதினாலு பேரையும் மறுபடி ஒருமுறை பார்த்தான்.

"நாலு மணிக்குத் திறந்து வைக்கச் சொல்றேன் ஆன்ட்டி" என்றான். "ரெண்டு கதவையும்."

கிளியம்மாள் அவன் கன்னத்தில் தட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி வேகமாக நடந்தாள். அவளுக்குப் பின்னாலேயே சபையில் பாதி கிளம்பிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் நடந்ததைச் சாவு வீடு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு லாசரசைச் சொன்னார்கள். பத்ரிநாராயணன் நடுவில் உட்கார்ந்து, தான் எப்படிக் கல்நெஞ்சக்காரன் ஆனேன் என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பெண்கள் கூட்டம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நடுநடுவே யாராவது பெட்டியைப் பார்த்துவிட்டு அழுதார்கள். அழுதவர்களுக்கு இன்னொருத்தர் டீ கொடுத்தார். கிளியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவரைப் பற்றிக் கேட்டதில்லை என்று ஜீவிதாவிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதடி, தப்பா, என்றும் கேட்டாள். ஜீவிதா அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஆலயத்தின் இரண்டு கதவும் திறந்திருந்தன. கவுண்டர் ஆட்கள்தான் சவப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். வழக்கப்படி பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, மூடியைத் திறந்தார்கள். முன்வரிசையில் குடும்பத்துக்கென்று மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தன. கிளியம்மாள் அதில் உட்காரவில்லை. மூன்றாவது வரிசைக்குப் போய், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெர்சனைக் கையாட்டிக் கூப்பிட்டாள். பெட்டியை நடைபாதை வழியாகத் தன் பக்கம் பின்னால் நகர்த்தச் சொன்னாள்.

ஜெர்சனும் மூன்று பேரும் தூக்கி நகர்த்தினார்கள். போதுமா ஆன்ட்டி என்றான். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் ஒரு முழம் நகர்த்தினார்கள். அவளுடைய தோளும் அவருடைய தோளும் ஒரே நேராக வந்தபோது போதும் என்றாள்.

போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஜனங்கள் எழுந்தார்கள். கீபோர்டு ஆரம்பித்தது. ஜீவிதா குனிந்து தன் பாட்டுப் புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினாள். கிளியம்மாள் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, தன்னுடையதைப் பிரித்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அதை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள்.